தள்ளப்பட்டவை

முப்பத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது இருந்தது.

இளமதி கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். நாற்பதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம். கடலூருக்குத் தெற்கே அந்த ரசாயன ஆலை ஓய்ந்து கிடந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஏசியின் முனகலும், வெளியே தகரக் கூரை வெயிலில் விரிந்து நெளியும் ஓசையும், ஒரு மாதமாகக் கழுவியும் போகாத அழுகிய பூண்டு வாடையும் மட்டும் இருந்தன.

ஆலையில் எல்லோர் கழுத்திலும் ஓர் ஆபத்துப் பொத்தான் தொங்கும். அழுத்தினால் வரிசை எண்ணோடு ஒரு செய்தி, இரண்டு வயர்லெஸ் வழிகளில் இரண்டு பிரதிகளாகக் கிளம்பும். முதலில் வருவதை இளமதி அமைத்த பெட்டி ஏற்றுக்கொண்டு சைரனை அலறவிடும். அதே எண்ணோடு பின்னால் வருவதைத் தள்ளிவிட்டு, தள்ளியதற்குக் கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளும்.

"ஒருவாட்டி அமுக்குனா போதுமா பாப்பா?" என்று கேட்டிருந்தார் டேங்க் கொட்டகையில் வேலை பார்த்த கொளஞ்சியப்பன்.

"போதுண்ணே. ஒரு வழி செத்தாலும் இன்னொண்ணுல வந்துடும்."

"அப்ப நான் சாவமாட்டேன்னு சொல்லு."

போன மாதம் அவர் தன் பொத்தானுக்குப் பேட்டரி மாற்றினார். எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. பெட்டிக்கு அவை பழைய எண்கள். ஏற்கெனவே வந்தவை. வாயு கசிந்த அன்று அவர் பத்தொன்பது முறை அழுத்தியிருந்தார். முப்பத்தெட்டுப் பிரதிகள். இரண்டு வழிகளும் ஒழுங்காக வேலை செய்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. அத்தனையையும் பெட்டி தள்ளியது. கொட்டகைக்குள்ளேயே அவர் செத்துக் கிடந்தார்.

தொழிலாளி பொத்தானை அழுத்தவில்லை என்று அறிக்கை போனது. கேட்டருகே அவர் மனைவி செல்லாயி இளமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுரு அமுக்கியிருப்பாரும்மா. பயந்த மனுசன்." சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டாள் இளமதி.

செல்போன் அடித்தது. மேலாளர் அருள்முருகன்.

"நாளைக்கு இன்ஸ்பெக்சன். தள்ளுன கணக்கு ஃபைல அழிச்சாச்சா?"

"ரெண்டு ஜாஸ்தியா இருக்கு சார்."

"எத்தினி இருந்தா என்ன, அழிம்மா."

"பெட்டியயாவது சரி பண்ணிடட்டுமா சார்?"

"இப்ப கைய வெச்சா தப்பு நம்முளுதுன்னு ஆயிடும். மொதல்ல உன் பேருதான் வரும்."

அழித்தாள். பூஜ்யம்.

இரண்டு.

நான்கு.

கொளஞ்சியப்பனின் பொத்தான் பேட்டரி கழற்றிய நிலையில், சீல் வைத்த உறையில், மேசை இழுப்பறைக்குள் இருந்தது. உள்ளே டக் என்றது. ஆறு. மறுபடி டக். எட்டு.

பூண்டு வாடை அடர்ந்தது. தொண்டை எரிந்தது. கதவுக்கு ஓடினாள். கதவு திறக்கும் அட்டையைக் காட்டினாள். திறக்கவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை.

தன் கழுத்துப் பொத்தானை அழுத்தினாள். சைரன் அடிக்கவில்லை. திரையில் எழுத்து வந்தது.

இளமதி. எண் ஒன்று. ஏற்கெனவே வந்தது. தள்ளப்பட்டது.

காலையில்தான் அதற்குப் பேட்டரி மாற்றியிருந்தாள்.

அழுத்தினாள். தள்ளப்பட்டது. அழுத்தினாள். தள்ளப்பட்டது.

விரல் வலித்தது. எடுத்தாள்.

பொத்தான் அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது. அதன்மேல் ஈரமாக, அகலமாக, ஓர் ஆணின் பெருவிரல் ரேகை.

எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டிரண்டாக.