ஒரு புள்ளி கூட, ஒரு புள்ளி குறைய

காலை 9.05.

கண் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவு. சன்னல் வழியாக ஒரு தாள் உள்ளே வந்தது.

“இதக் கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க. எனக்குப் படிக்கத் தெரியும். வேற யாராவது படிச்சா வேற மாதிரி இருக்குமோன்னுதான் கேக்கறேன்.”

கேட்டவள் ஒரு கிரேன் ஓட்டுநரின் மனைவி. ஓட்டுநர் அவளுக்குப் பின்னால், வலக்கண்ணில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாளில் இருந்தது இதுதான்: C69.0. கண்ணின் மேற்பரப்பில் புற்று.

நோய்க்குறியீடுகளைச் சரிபார்க்கும் பெண் தாளை வாங்கினாள். எந்தத் தாளிலும் ஒரு கமாவைக்கூட விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் ‘கமா’ என்றே பெயர். நேற்று அவள் விடுப்பு. படித்தவள் நேரே போய் அறுவை செய்த டாக்டரை அழைத்து வந்தாள்.

“யார் சொன்னது புற்றுன்னு?” டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. “மூக்குப் பக்கத்துலேர்ந்து கருவிழி மேல சதை வளந்திருந்துச்சு. வெயில்லயும் தூசியிலயும் வேலை பாக்கறவங்களுக்கு வர்றதுதான். பதினொண்ணாந்தேதி பாத்தேன், பதினேழாந்தேதி எடுத்தேன். ஆய்வுக்கூடத்துலயும் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. போய் நிம்மதியாத் தூங்குங்க.”

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டுநர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அடக் கடவுளே! சாகப்போறோம்னு நெனச்சு, சிகரெட் எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு நேத்தே இவகிட்ட சொல்லித் தொலைச்சுட்டேனே!”

ஆனால் அது பாதி நிம்மதிதான். அதே தாளின் நகல் அவருடைய நிறுவனத்துக்கும் போயிருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் திருத்திய தாள் போகாவிட்டால் கிரேன் வேறொருவர் கைக்குப் போய்விடும். வெளியே அனுப்பிய குறியீட்டைத் திருத்தவோ ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பதிந்தவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பதிவில் இருந்தது ‘மின்னல்’ என்ற பெண்ணின் கணினிக் கணக்கு. டாக்டர்களின் குறிப்பைப் படித்துக் குறியீடு பதிபவள். விரல் வேகத்தால் வந்த பெயர். வேலையில் சேர்ந்து ஆறாவது மாதம். தேர்வுக்காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. இல்லாத புற்றை எழுதியவள் என்று பெயர் வாங்கினால், வேலை அன்றோடு சரி.

காலை 9.30.

பிரிவுத் தலைவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு படிவத்தை மின்னல் முன்னால் வைத்தார்.

“ஏம்மா, கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. முடிஞ்சுது.”

“நான் சதை வளர்ச்சின்னுதான் சார் போட்டேன். புற்றுன்னு போடவே இல்ல.”

“உன் கணக்குல பூதமா வந்து போட்டுச்சு? வெளியில ஒரு மனுஷன் வேலை போயிடுமோன்னு உக்காந்திருக்கான்.”

மின்னல் சன்னலைப் பார்த்தாள். பெஞ்சில் ஓட்டுநரின் மனைவி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்னல் பேனாவை எடுத்தாள்.

“பேனாவக் கீழ வை” என்றாள் கமா. “சார், பன்னெண்டு ஆக இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. எனக்கு ஒண்ணரை மணி நேரம் போதும்.”

காலை 9.40.

கணினியில் நேற்றைய பதிவேட்டைத் திறந்தாள் கமா. மின்னலின் கணக்கில் நாற்பத்திரண்டு வரிகள். ஓட்டுநர் பெயருக்கு நேராக இரண்டு.

முற்பகல் 11.20: H110, சதை வளர்ச்சி.

பிற்பகல் 1.12: C69.0, புற்று. தேடல் இல்லை, நேரடிப் பதிவு.

மற்ற நாற்பது வரிகளையும் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு மின்னலின் மேஜைத் தட்டில், மேலாக இருந்த டாக்டரின் குறிப்பை எடுத்தாள்.

‘11-ஆம் தேதி பரிசோதனை வலக்கண்ணில் மூக்குப்பக்கச் சதை புற்று அன்று அறுவை செய்து எடுக்கப்பட்டது’

ஒரு முறை படித்தாள். புருவம் சுருங்கியது. மறுபடி படித்தாள். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

காலை 9.55.

அடுத்த நாற்காலிக்காரி தட்டச்சுப் பெண். ஓயாமல் பேசுவதால் ‘ரேடியோ’. மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்ற சண்டையில் அவளும் மின்னலும் பத்து நாளாகப் பேசிக்கொள்வதில்லை.

“நேத்து ஒண்ணு பன்னெண்டுக்கு எங்க இருந்தே?” என்று அவளிடம் கேட்டாள் கமா.

“சாப்பாட்டு அறையில. மின்னல் டப்பாவுல பாதி என் வயித்துலதான் இருந்துச்சு.”

“பேச்சுவார்த்தை இல்லன்னியே?”

“வாய்தான்க்கா பேசல. சாப்பிடவும் கூடாதா?”

“கெளம்பும்போது மின்னல் கணினியப் பூட்டினாளா?”

“எங்க பூட்டினா? பசி வந்தா அவளுக்குக் கண்ணு தெரியாது. அப்படியே எழுந்து வந்துட்டா.”

“புற்றுக்கு என்ன குறியீடு, சொல்லு பாப்போம்.”

“எனக்கு என் வீட்டு நம்பரே ஞாபகம் இல்ல. தேடிப் பாத்தாதான் உண்டு.”

காலை 10.10.

பிரிவுத் தலைவரின் அறை. சுவரில் ஒரு பலகை: ‘பிழையில்லா நாள் 412’. அந்த எண்ணைத் தினமும் காலையில் அவரே அழித்து எழுதுவார்.

மின்னல் அந்நேரம் சாப்பாட்டு அறையில் இருந்ததாகக் கமா சொன்னதும், “ரேடியோ சொல்றத நம்பாதே” என்றார். “வேலிக்கு ஓணான் சாட்சி.”

“டாக்டரோட குறிப்பப் பாத்தீங்களா சார்?”

“நான் எதுக்குப் பாக்கறேன்? அந்தத் தாளை நான் தொடவே இல்ல.”

“அவ எப்படித் தப்பா எடுத்திருப்பா?”

“என்னம்மா இது, பரிசோதனை பண்ண அன்னிக்கே அறுத்து எடுத்திருக்காங்க. வெறும் சதைக்கு யாராவது இவ்வளவு அவசரப்படுவாங்களா? அதப் பாத்துக் குழம்பியிருப்பா பொண்ணு.”

கமா எதையோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

காலை 10.30.

“டாக்டரம்மா, உங்க குறிப்ப நீங்களே ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன்.”

டாக்டர் படித்தார். ‘புற்று அன்று’ என்ற இடத்தில் மூச்சு விட்டார். பிறகு, “அறுவை செய்து எடுக்கப்பட்டது” என்றார்.

“புற்று ‘அல்ல’ன்னு எழுதியிருக்கலாமே?”

“எங்கப்பா தமிழ் வாத்தியார். ஒண்ணுன்னா ‘அன்று’, பலதுன்னாதான் ‘அல்ல’. மாத்தி எழுதினா காதைத் திருகிடுவார். இப்பவும் காது பயப்படுது.”

“முற்றுப்புள்ளி வைக்கலன்னா திருக மாட்டாரா?”

டாக்டர் தாளைப் பார்த்தார். கை தானாகக் காதுக்குப் போனது.

காலை 10.50.

எல்லாரும் பிரிவுத் தலைவரின் அறையில் நின்றார்கள். கமா கதவைச் சாத்தினாள்.

“நாற்பத்திரண்டு வரி. நாற்பத்தொண்ணுல புள்ளியே கிடையாது. H11.0-ன்னு இருக்க வேண்டியது, H110, அவ்வளவுதான். கணினி அதையும் ஏத்துக்கும்னு மின்னல் புள்ளிய விட்டுடுவா. அவ வேகத்துக்கு அதுதான் காரணம். புள்ளியோட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. C69.0. அத அடிச்சது அவ விரல் இல்ல.”

“புள்ளிய வச்சு ஜோசியம் சொல்றியா?” என்றார் தலைவர்.

“தேடாம, மனப்பாடமா அடிச்சிருக்காங்க. இங்க குறியீடு மனப்பாடமாத் தெரிஞ்சவங்க மூணு பேர். மின்னல் சாப்பிட்டுட்டு இருந்தா. நான் லீவு. மூணாவது நீங்க சார். புள்ளி இல்லாம எழுதினா அது குறியீடே இல்லன்னு எனக்குப் பாடம் சொன்னதும் நீங்கதான்.”

“அதனால நான்னு ஆயிடுமா?”

“ஆகாது சார். ஆனா ஒரு சொல் சொன்னீங்க. பரிசோதனை பண்ண அன்னிக்கே அறுத்தாங்கன்னு. டாக்டரம்மா பாத்தது பதினொண்ணு, அறுத்தது பதினேழு. கோப்புல எங்க தேடினாலும் ரெண்டும் ஒரே நாள்னு இல்ல. ஒரே ஒரு வரியத் தவிர.”

மடித்த தாளை விரித்தாள்.

“‘புற்று அன்று’ன்னு நிறுத்திப் படிச்சா, புற்று இல்ல. ‘புற்று’ன்னு நிறுத்திட்டு ‘அன்று அறுவை செய்து’ன்னு படிச்சா, புற்று, அந்த நாளே அறுவை. தாளைத் தொடவே இல்லன்னீங்க. தொடாதவருக்கு அந்த ‘அன்று’ எப்படி சார் வந்துச்சு?”

தலைவர் பலகையைப் பார்த்தார்.

“நேத்து அந்தப் பக்கமா வந்தேன். தாள் திறந்து கெடந்துச்சு, கணினியும் பூட்டல. புற்றுன்னு இருக்கு, இவ சதைன்னு போட்டிருக்கா. அனுப்பறதுக்குள்ள காப்பாத்திடலாம்னு நெனச்சேன். உதவின்னுதான் செஞ்சேன்.”

“காலையில சொல்லியிருக்கலாமே சார்?” என்றாள் மின்னல். குரலில் கோபம் இல்லை. அழுகைதான் பாக்கி இருந்தது.

“நானூத்திப் பன்னெண்டும்மா. நானே எழுதின நம்பர். நானே எப்படி அழிக்கறது?” படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் காரணத்தை எழுதினார். கையெழுத்திட்டார். எழுந்துபோய்ப் பலகையைத் துடைத்து, ‘0’ என்று எழுதினார். பெரிய பாரம் இறங்கியவர்போல நாற்காலியில் சாய்ந்தார்.

“மன்னிச்சுடும்மா. உன் தேர்வுக்கால அறிக்கையையும் இப்பவே எழுதறேன். அதுல பிழை இருந்தா கமாகிட்ட காட்டு.”

டாக்டர் குறிப்பை வாங்கி, ‘அன்று’ என்ற சொல்லுக்குப் பின்னால் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். தாளே ஓட்டையாகிவிட்டது.

காலை 11.42.

திருத்திய தாள் போய், நிறுவனத்திலிருந்து பதிலும் வந்தது: கட்டு அவிழ்த்ததும் கிரேனுக்கு வரலாம். ஓட்டுநரின் மனைவி அதையும் இரண்டு பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் இருந்தது.

“வாங்க வீட்டுக்கு” என்றாள் கணவரிடம். “அந்த சிகரெட்டுக்கு ஒரு முடிவு கட்டணும்.”

உள்ளே, ரேடியோ மின்விசிறியை மின்னல் பக்கம் திருப்பினாள். மின்னல் அடுத்த கோப்பை எடுத்தாள். இன்னொரு கண், இன்னொரு சதை. விரல்கள் பறந்தன, பாதியில் நின்றன.

H11 என்று அடித்தவள், ஒரு புள்ளி வைத்தாள். அதன் பிறகுதான் பூஜ்யம்.