கடைசிச் சுரத்துக்கு முன்னால்

பழைய கொட்டகையின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை யோசித்துக்கொள் என்று கணவன் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவளுக்கு ஏழாம் மாதம். ஆனால் உள்ளே பாடப்போவது ‘ஈரச்சுவர்’ குழு. அவர்கள் மேடையேறுவதே அபூர்வம். பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் அவர்களுக்குப் பல் கொட்டிவிடும் என்று ஒரு வாரமாக வாதாடி ஜெயித்திருந்தாள்.

வீட்டில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். வைத்தவன் கணவன்தான். ஊர் உலகம் காதல் பாட்டு கேட்கும்போது இவள் மட்டும் பேய்ப்பாட்டாகத் தேடித் தேடிக் கேட்பாள். பூட்டிய அறைக்குள் யாரோ தலை வாரும் பாட்டு, மாடிப்படியில் ஏறிக்கொண்டே இருக்கும் ஒருவனின் பாட்டு. அதிலும் குரலையோ கிடாரையோ அவள் பெரிதாக மதிப்பதில்லை. உயிரை விடுவதெல்லாம் பேஸுக்கு. பார்வைக்குக் கிடார் போலவே இருந்து, தடித்த நாலு கம்பியை வைத்துக்கொண்டு அடித்தொண்டையில் முனகுமே, அந்த வாத்தியத்துக்கு. பயம் காது வழியாக வராது, உள்ளங்கால் வழியாகத்தான் ஏறும் என்பாள். அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் மிஷின் சூடேறி உறுமுவதைக் கேட்டே அது எந்தச் சுரம் என்று சொல்லிவிடுவாள்.

கணவனுக்கோ சங்கீதம் கிட்டவே வராது. மருந்துக்கடை நடத்துகிறவன். அவன் ஆசையாகப் பாடினாலும் மருந்துச் சீட்டை உரக்க வாசிப்பது போலத்தான் இருக்கும். ஒரு மெட்டாவது அவன் வாயில் உருப்படியாக நின்றதில்லை என்பது குடும்பத்துக்கே சிரிப்பு.

உள்ளே போகும் வரிசையில் அவள் நெட்டையின் கதையை மறுபடி ஆரம்பித்தாள். நெட்டை அந்தக் குழுவின் பேஸ்காரன். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி நடுவிரல் மடங்கியே போனவன். ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் மட்டும் கம்பிமேல் நொண்டி நொண்டி நடக்கும். அதனால்தான் அவன் வாசிப்பு வேறு யாருக்கும் வரவில்லை என்று ரசிகர்கள் சொல்வார்கள். இதே மேடையில், தான் புதிதாகக் கட்டிய ஒரு பாட்டை முதன்முதலாக வாசித்துக்கொண்டிருந்தவன் பாதியில் விழுந்து செத்துப்போனான். முடிவு எப்படி இருக்கும் என்பது அவனோடு போயிற்று.

அதன் பிறகு குழு வேறு பேஸ்காரனைச் சேர்க்கவில்லை. மற்றப் பாட்டுகளைக் கீபோர்டுக்காரரின் இடது கை ஒப்பேற்றுகிறது. அந்தப் பாட்டை மட்டும் பேஸே இல்லாமல் கடைசியாக எடுத்து, அவன் விழுந்த இடத்தில் சட்டென்று நிறுத்துவார்கள். டிரம்மர் குச்சிகளைக் கீழே வைக்கும்வரை கொட்டகையில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. கைதட்டல் கிடையாது, இருமல் கிடையாது. ரசிகர்களுக்குள் அது எழுதாத சட்டம்.

செத்தவனுக்குச் சத்தம் ஆகாதா என்று கணவன் கிண்டலாகக் கேட்டான்.

“மீதியை அவன் வாசிச்சுக்கட்டும்னு இடம் விடறோம்” என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்குப் புல்லரித்தது. அந்தச் சிலிர்ப்புக்காகத்தானே வந்திருக்கிறாள்.

கச்சேரியில் அவள் நிற்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். மேடையின் இடது ஓரம், பேஸ் ஒலி வரும், அலமாரி உயரத்துக்கு நிற்கும் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி. அன்று இடுப்பு வலித்ததால் பெட்டிமேல் முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டாள். வயிறு மரத்தில் பதிந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதிர்வு தொப்புளைச் சுற்றிக் குறுகுறுவென்று ஓட, அவள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டாள்.

கடைசிப் பாட்டு வந்தது. வழக்கப்படி பேஸ் பெட்டியை அணைத்தார்கள். அதன் சிவப்பு விளக்கு அணைந்ததை அவளே பார்த்தாள். கிடாரும் டிரம்மும் மட்டும் இருட்டில் ஒன்றையொன்று தேடுவது போல வாசித்தன. பிறகு நின்றன. நெட்டை உட்காரும் முக்காலியின் மேல் மட்டும் ஒரு விளக்கு. சூடான தூசியின் வாசனை. நனைந்து காய்ந்த நாற்காலிகளின் வாசனை. அத்தனை பேர் இருந்தும் மூச்சுச் சத்தம் இல்லை.

வயிற்றுக்கு எதிரே மரம் அதிர்ந்தது.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை.

தும்... தும் தும்... தும்.

உள்ளே குழந்தை உதைத்தது. அதே தாளத்தில், அதே நொண்டல் நடையில்.

டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்தார். கொட்டகை இடிவதுபோல் கைதட்டல் எழுந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். அன்று அவள் பயப்படவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தலைகால் புரியாமல் பேசிக்கொண்டே வந்தாள். பிள்ளை தாளத்தோடு உதைக்கிறது, நமக்கு ரசிகன் பிறக்கப்போகிறான் என்று கணவன் தோளை உலுக்கினாள். அவனும் சிரித்து வைத்தான்.

மறுநாளிலிருந்து அது வழக்கமாயிற்று. ஜெராக்ஸ் கடையில் கூட்டம் குறையும் மதியப் பொழுதில் குழந்தை அந்தப் பேஸ் வரியை ஆரம்பிக்கும். அவள் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்துக் கவனிப்பாள். மேடையில் பாட்டு நின்ற இடம் வரை வந்த உதை, அங்கே நிற்கவில்லை. தாண்டிப் போனது. தினமும் இரண்டு மூன்று சுரம் கூடியது.

உலகத்தில் எந்த ரசிகரும் கேட்காததை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமையில் அவளுக்குச் சோறு தண்ணீர்கூட மறந்தது. உதை நின்றால் விரலால் தட்டி, ‘அப்புறம்? அப்புறம்?’ என்று அவளே எடுத்துக்கொடுத்தாள்.

வரி நீள நீள நடை மெதுவானதை அவள் கவனித்தாள். பேய்ப்பாட்டு என்றால் முடிவில் மெதுவாகத்தானே ஆகவேண்டும் என்று ரசிக்கவும் செய்தாள்.

கணவனின் அக்கா, அவளுக்கு அண்ணி, ஆஸ்பத்திரியின் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அடுத்த பரிசோதனையில் வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தவள் அவள்தான். அறை இருட்டாக, குளிராக இருந்தது. பெட்டியிலிருந்து குழந்தையின் இதயம் கேட்டது. ஓடும் குதிரைபோலக் கேட்கவேண்டிய சத்தம்.

அது ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தது.

தும்... தும் தும்... தும்.

நொண்டி நொண்டி.

அண்ணியின் கை கருவியோடு அப்படியே நின்றது. சத்தம் இன்னும் மெதுவானது. ஒரு அடி. நீளமான இடைவெளி. இன்னொரு அடி. பிறகு இடைவெளி மட்டும்.

“அண்ணி, என்ன ஆச்சு?”

அண்ணி திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திடீரென்று குதிரை ஓட ஆரம்பித்தது. டாக்டர் ஓடிவந்து பார்த்து, இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, நாளைக்கே மறுபடி வாருங்கள் என்றார். அண்ணி மட்டும் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நான் எத்தனையோ நெஞ்சு கேட்டிருக்கேன்டி. இது துடிக்கல. யாரோ தட்டறாங்க.”

வெளியே வந்து வெயிலில் நின்றாள். இத்தனை நாள் காசு கொடுத்துத் தேடிப்போன பயம் வேறு, இது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. ‘அப்புறம்? அப்புறம்?’ என்று கேட்டது அவள் வாய்தானே. பெற்ற பிள்ளையை அவளே கைப்பிடித்து அந்த முடிவை நோக்கி நடத்திக்கொண்டிருந்தாள்.

ஈரச்சுவரின் டிரம்மர் பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பது ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கே அவள் அவரைத் தேடிப் போனாள். மைதான ஓரத்தில் நின்ற பயிற்சிக் காரில் அவளை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார். அவள் அந்த வரியைக் காரின் முன்பலகையில் விரலால் தட்டிக் காட்டினாள். மேடையில் பாட்டை நிறுத்தும் இடம் வந்தது, அதைத் தாண்டியது. அவர் கால் தன்னையறியாமல் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தியது.

“போதும்மா. நிறுத்துங்க.”

கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அவளிடம் திரும்பாமலே பேசினார்.

“அன்னைக்கு அவன் நடையைக் குறைச்சுக்கிட்டே போனான். நானும் கூடவே குறைச்சேன். என் நெஞ்சும் சேர்ந்து இறங்குச்சு. பயந்துபோய்க் குச்சியை விட்டுட்டேன். அவன் தனியா அடுத்த சுரத்துக்குப் போனான். அதோட விழுந்துட்டான்.”

முடிவைப் பற்றி அவர்களிடம் அவன் ஒன்றுமே சொன்னதில்லையா என்று கேட்டாள்.

“சொன்னான். பாட்டு முடியறப்போ கேக்கறவங்க நெஞ்சும் சேர்ந்து நிக்கணும், அதுதான் நல்ல பேய்ப்பாட்டுன்னான். விளையாட்டுக்குச் சொல்றான்னு சிரிச்சோம்.”

அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“கடைசிச் சுரத்தை வரவிடாதீங்க. மெதுவானா, ஓங்கி முதல் அடியை அடிங்க. எப்பேர்ப்பட்ட பேஸ்காரனா இருந்தாலும் டிரம்முல முதல் அடி விழுந்தா முதல்லேர்ந்து வந்துதான் ஆகணும். வருஷக்கணக்கா ஊறின பழக்கம். செத்தாலும் போகாது.”

மறுநாள் ஸ்கேன் அறையில் அதுதான் நடந்தது. கருவியை வைத்ததுமே அந்த நடை. நேற்றைவிட மெதுவாக. நேற்றைவிட நீளமாக. டாக்டரைக் கூப்பிட அண்ணி ஓடினாள். அவள் கருவியைத் தானே வயிற்றில் பிடித்துக்கொண்டு தனியாகப் படுத்திருந்தாள்.

தும்.

இடைவெளி.

தும்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. ரசிகையின் காதுக்கு அது தெரிந்தது.

வளையல் கையை ஓங்கிக் கட்டிலின் இரும்பில் அறைந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அறைந்தாள். தோல் கிழிந்தது. மூன்றாவது முறை அறைந்தபோது, உள்ளே மிக ஆழத்தில், வரி முதலிலிருந்து ஆரம்பித்தது. அறுவை அறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும்போதும் அவள் கம்பியைத் தட்டிக்கொண்டே போனாள். மயக்க மருந்து ஏறும்வரை தட்டினாள். அதற்குப் பிறகு, ஏன் என்று கேட்காமல், அண்ணி தட்டினாளாம்.

பெண் குழந்தை. குறைமாதம், ஆனால் அழுகை அறையே அதிர. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பொடிக் கையை அவள் முதலில் பிரித்துப் பார்த்தாள். நடுவிரல் நேராகத்தான் இருந்தது. நெஞ்சில் விரலை வைத்தால் குதிரை ஓடியது. அன்று அவள் அழுத அழுகையைக் கணவன் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான். சந்தோஷமும்தான்.

வீட்டில் பாட்டு நின்றது. ஹெட்போனைத் தானம் கொடுத்தாள், ஸ்பீக்கரை விற்றாள். ஆந்தை கூட்டை மாற்றிவிட்டது என்று கணவன் கேலி செய்தான். நடந்ததை அவனிடம் முழுதாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, உட்கார்ந்தது. அவளும் மெல்லத் தூங்கப் பழகினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். படுக்கையறையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் கணவன் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தான். ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கேட்க இதமாக இருந்தது. அவளை அறியாமலே மடிப்புக்குத் தாளம் சேர்ந்துகொண்டது.

கை நின்றது.

இதமாக இருந்தது. அவன் பாடுவது.

சுரம் பிசகவில்லை. ஒரு இடத்தில்கூட.

அவள் ஓடிவந்து படுக்கையறை வாசலில் நின்றாள். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. பிள்ளை அவன் தோளில் கிடந்து, கண்ணை அகலத் திறந்து அவளையே பார்த்தது.

“என்ன பாட்டு இது?” என்றான் அவன், சிரிக்க முயன்று. “காலையிலேர்ந்து வாயிலேயே நிக்குது. முடிவு மட்டும் சிக்க மாட்டேங்குது. இரு, இதோ... வருது.”

அவன் பிடரியில் பிள்ளையின் கை மெதுவாக நடந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரல். மோதிர விரல். ஆள்காட்டி விரல்.

நடுவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

மோதிர விரல் உயர்ந்தது. அவன் மூச்சை இழுத்து வாயைத் திறந்தான். அவள் தன் முழு பலத்தோடு கதவை அறைந்தாள்.

விரல் அந்தரத்தில் நின்றது. கணவன் திடுக்கிட்டு, ஏன் இப்படிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறாய் என்று கடிந்துகொண்டான். பிள்ளை பயப்படவில்லை. பல் முளைக்காத வாயைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தது.

பிறகு விரல் முதல் சுரத்தில் இறங்கியது. அவன் மறுபடி முதலிலிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தான், முன்னைவிட மெதுவாக. அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.