கயிற்றில் பாரம்

மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டினால் சத்தம் உடனே வர வேண்டும். இந்த மரத்தில் சற்றுப் பிந்தி வந்தது.

மறுபடி தட்டினான். டொக். கை நின்ற பிறகுதான் காதில் விழுந்தது. இருபது வருடமாக மரம் ஏறி வெட்டுகிறவன் அவன். பொந்து விழுந்த மரம் எப்படிப் பேசும், உள்ளே இற்றுப்போனது எப்படி முனகும் என்பதெல்லாம் அத்துப்படி. இது எதிலும் சேரவில்லை. வேர்களைச் சுற்றி வந்து மண்ணை மிதித்துப் பார்த்தான். வெடிப்பு இல்லை, காளான் இல்லை. ஈரமான மரத்தூள் வாசனை மட்டும், யாரோ இப்போதுதான் அறுத்ததுபோல், விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

"என்ன மாமா, மரத்துக்கு நாடி பாக்கறீங்களா?" மனைவியின் தம்பி சிரித்தபடி கயிற்றைப் பிரித்தான். கீழே நின்று கயிறு பிடிப்பது அவன் வேலை.

"எனக்கு என்னமோ சரியாப் படல மாப்ளே. நாளைக்குப் பாக்கலாமா?"

மரம் நின்ற வீட்டின் சொந்தக்காரி ஜன்னலில் நின்றாள், தோளில் கைக்குழந்தை. "ராத்திரி புயல்னு சொல்றாங்கண்ணே. அந்தக் கிளை எங்க தலைக்கு மேலதான் நிக்குது."

ஏறினான்.

கிளை பிரியும் கவட்டையில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை பிளந்திருந்தது. இடுப்பில் மாட்டியிருந்த கயிற்றை அதன் மேல் போட்டுவிட்டு, ஆழம் பார்க்கும் கம்பியைப் பிளவுக்குள் விட்டான். அங்கே மரத்தின் பருமனே ஒரு முழம்தான். இரண்டு முழக் கம்பியும் பிடி வரை உள்ளே போனது. மெத்தென்று எதிலோ முட்டி நின்றது. இழுத்தான். வரவில்லை. பிறகு உள்ளேயிருந்து, மெதுவாக, அது இழுத்தது.

கம்பி போய்விட்டது. பிளவு அகன்றது.

இடுப்புக் கொக்கியைக் கழற்றிக் கயிற்றை அங்கேயே விட்டான். மறுபக்கமாக மரத்தைக் கட்டிப்பிடித்துச் சறுக்கினான். முழங்கைத் தோல் உரிந்தது. காலில் மண் பட்டது. உயிர் வந்தது.

அடிமரத்துக்கு அந்தப் பக்கம் மைத்துனனின் குரல். "அப்படித்தான் மாமா, மெதுவா வாங்க. என்ன, இன்னிக்கு இந்தக் கனம் கனக்கறீங்க?"

சுற்றி ஓடினான். மைத்துனன் குதிகாலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து, கை மாற்றிக் கை மாற்றிக் கயிறு விட்டுக்கொண்டிருந்தான். கயிறு விறைத்திருந்தது.

மைத்துனன் திரும்பினான். பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. கைகள் மட்டும் விடவில்லை. கயிற்றை விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவற்றுக்குத் தெரியும்.

மேலே இலைகள் விலகின.

பட்டை உரித்த மரம்போல் வெளுத்து, ஈரமாய், ஒரு பாதம். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி, மிதிக்க இடம் தேடியது.