உட்கார்ந்த இடத்தில் எண்ணூறு கலோரி

வெள்ளி, காலை 11.42.

புகார் மையத்தின் பதினேழாம் நாற்காலிக்காரி ஹெட்செட்டோடு மேசைமேல் சாய்ந்தபோது, மறுமுனையில் ஒருவர் தன் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளவில்லை என்று இன்னும் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரி தோளைத் தொட்டாள், பிறகு அலறினாள். முப்பத்தாறு வயது, இடது காலில் சுளுக்குக் கட்டு, மூச்சு இல்லை.

12.20.

பெண் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தாள். காவல் நிலையத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அவளுக்குத் தெரிந்தே வைத்த பெயர், அவளும் மறுத்ததில்லை. செத்தவளின் கையைத் தூக்கியதும் மணிக்கட்டிலிருந்த வாட்ச் பச்சையாக விழித்துக்கொண்டது. "வாழ்த்துகள்! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள். 812 கலோரி."

பிணத்துக்கு வாழ்த்தா! அதைக் கழற்றிச் சுவரில் அடிக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது பட்டாசுக்கு. சாட்சிப் பொருள் என்பதால் உறையில் போட்டு ஏட்டிடம் கொடுத்தாள்.

திங்கள், காலை 10.00.

"உடம்பு இளைக்கிற மாத்திரை. ரத்தத்துல நிறைய இருக்கு, அதுதான் இதயத்தை நிறுத்திடுச்சு" என்றார் பிரேதப் பரிசோதனை டாக்டர், தொலைபேசி ஸ்பீக்கரில். "தானே போட்டதா, யாராவது கொடுத்ததான்னு என் கத்தி சொல்லாது."

"வாட்ச்ல எண்ணூறு கலோரின்னு இருக்கே டாக்டர். சுளுக்குன காலோட ஓடினாளா?"

"அது கலோரியை எங்கம்மா பாக்குது? நாடித் துடிப்பை எண்ணி, வயசையும் எடையையும் வச்சு, குத்துமதிப்பா ஒரு நம்பர் போடுது. துடிப்பு ஏறினா ஓடறோம்னு நெனச்சுக்கும். மாடு துரத்தினாலும் சரி, மாமியார் திட்டினாலும் சரி."

மாமியார் அப்போது எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் மகன், அதாவது செத்தவளின் புருஷன். இருவருக்கும் நடுவில் ஏட்டு நின்றார், நிற்க வேண்டியிருந்தது.

"இவங்கதான் மேடம் என் பொண்டாட்டியைக் கொன்னது" என்றான் அவன். "தினமும் குண்டு, குண்டுன்னு குத்திக் காட்டி மாத்திரை போட வச்சாங்க. இனி என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

"சொன்னேன்தான்" என்றாள் மாமியார். குரல் உடைந்திருந்ததே தவிர இறங்கவில்லை. "இல்லேன்னு முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கல. ஆனா அவ போறதுக்கு ஆறு நாள் முன்னாடி, சனிக்கிழமை, படியில கால் பிசகினதும் நான்தான் சொன்னேன். 'ஆபீஸ் போட்டியும் வேணாம், கீட்டியும் வேணாம், ஒரு இடத்துல பேசாம உட்காரு'ன்னு. கேட்டாளா? பதினோரு வருஷத்துல ஒரு நாள் என் பேச்சைக் கேட்டிருப்பாளா? அந்தக் காலை வச்சுக்கிட்டு எங்கேயோ போய்க் குதிச்சிருக்கா!" முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேலதிகாரியின் அழைப்பு வந்தது. தற்கொலை இல்லை, கொலையும் இல்லை, தானே தேடிக்கொண்டது. மாலை ஐந்துக்குள் கோப்பை மூடிவிடவும்.

"மூடுறதுக்கு அது என்ன பாத்திரமா?" என்று போனை வைத்த பிறகுதான் சொன்னாள் பட்டாசு. அந்த எரிச்சலும் ஆத்திரத்தோடு சேர்ந்துகொண்டது.

உறையிலிருந்த வாட்சை எடுத்து அதன் பழைய பதிவுகளைப் புரட்டினாள். சுளுக்குக்கு முன்னால், மதிய இடைவேளையில் நடந்த நாட்களில், முந்நூற்றைம்பதைத் தாண்டியதில்லை. சுளுக்குக்குப் பிறகு? ஞாயிறு, வீட்டில் 190. திங்கள் 640. செவ்வாய் 705. புதன் 180. வியாழன் 730. வெள்ளி பாதி நாளிலேயே 812.

கால் நன்றாக இருந்தபோது முந்நூற்றைம்பது, நடக்க முடியாதபோது எழுநூறா? பட்டாசு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

11.15.

புகார் மையத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்பலகை இருந்தது. நான்கு அணிகள், அணிக்கு நான்கு பேர், தினசரி எரித்த கலோரி. 'ஆரோக்கியப் போட்டி' என்று தலைப்பு. முதலிடத்தில் செத்தவளின் அணி. அவள் பெயரை இன்னும் எடுக்கவில்லை, அவள் கலோரியையும்தான்.

அந்த அணியின் தலைவனை அலுவலகமே கேப்டன் என்றுதான் கூப்பிட்டது. நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, கண்ணில் ஈரம். பட்டாசு பக்கத்து சீட்டுக்காரியின் வாட்சைக் கேட்டு வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். சீட்டுக்காரியின் வயதும் எடையும் கிட்டத்தட்ட பட்டாசினுடையதேதான்.

"இதுல எந்தப் பொத்தான்?"

"வலது பக்கம். காலையில வந்ததும் பயிற்சின்னு அழுத்திட்டு, சாயங்காலம்தான் அணைக்கணும்னு எங்க அணிக்குச் சொல்லியிருக்கேன்" என்றான் கேப்டன்.

அழுத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சுளுக்குன காலோட எப்படி எழுநூறு?"

"மன உறுதி மேடம். ரகசியமா படியேறி இறங்கியிருப்பாங்க."

"ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"சும்மா ஒரு கோப்பை."

"கேப்டனுக்கு?"

கொஞ்சம் தயங்கினான். "தள மேற்பார்வையாளர் பதவிக்குப் பேரு பரிசீலிப்பாங்க."

"ஒரு நாள்கூட சறுக்கலையா?"

"புதன்கிழமை மட்டும். போர்டு பழுது. அன்னிக்குக் கணக்கு சேராதுன்னு காலையிலேயே சொல்லிட்டாங்க. வீணாப்போன நாள்."

அடுத்து பக்கத்து சீட்டுக்காரி.

"அவங்க சீட்டை விட்டு எழுந்து போனாங்களா?"

"எங்க மேடம்? நொண்டிக்கிட்டு பாத்ரூம் போறதே பெரும்பாடு. டீகூட கேப்டன்தான் கொண்டுவந்து வைப்பாரு, ஒம்பதேகாலுக்கு டாண்ணு. நல்ல மனுஷன். சர்க்கரைதான் ரொம்பத் தூக்கல்னு முணுமுணுப்பா. எனக்காக நடந்து போறாரே, எப்படிக் குறை சொல்றதுன்னு குடிச்சிடுவா. புதன்கிழமைதான் 'இன்னிக்குத்தான் டீ டீயா இருக்கு'ன்னு சிரிச்சா."

கடைசியாக, செத்தவளின் அழைப்புப் பதிவுகள். செவ்வாய் 10.05 முதல் 10.50 வரை ஏழு அழைப்புகள், இடைவெளியே இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் வாட்ச் நானூறு எரித்திருந்தது. பதிவில் அவள் குரல் ஒரு படிகூட ஏறாதவளின் குரலாக இருந்தது. பிறகு வெள்ளி, கடைசி அழைப்பு. "ஒரு நிமிஷம் சார்... நெஞ்சு கொஞ்சம் படபடங்குது... இல்ல, நீங்க சொல்லுங்க சார், மெஷின் என்ன மாடல்?"

பட்டாசு ஹெட்செட்டைக் கழற்றினாள். கையிலிருந்த வாட்சின் பொத்தானை அழுத்திப் பயிற்சியை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தாள்.

மாலை 3.30.

புருஷனும் மாமியாரும் வரவழைக்கப்பட்டார்கள். மேலாளர், கேப்டன், பக்கத்து சீட்டுக்காரி எல்லாரும் மின்பலகைக்குக் கீழே நின்றார்கள். பட்டாசு மணிக்கட்டை நீட்டினாள்.

"காலையில இந்த நாற்காலியில முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். எழுந்திருக்கவே இல்ல. வாட்ச் என்ன சொல்லுதுன்னு படிங்க."

"இருநூத்திப் பத்து கலோரி" என்றார் மேலாளர், புரியாமல்.

"நான் ஓடல சார். கோபப்பட்டேன். இதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். துடிப்பை எண்ணும், காலைப் பாக்காது. அது ஒருத்தருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. கால் சுளுக்கினவ அணியைக் கீழே இழுத்துடுவான்னு பயம். ஓட வைக்க முடியாது, ஆனா இதயத்தை ஓட வைக்கலாமே! டீயில மாத்திரையைப் பொடிச்சுப் போட்டு, கசப்பு தெரியாம சர்க்கரையைக் கொட்டிட்டாரு."

"அவங்களே போட்டிருக்கலாமே மேடம்" என்றான் கேப்டன்.

"இளைக்கிறதுக்காகப் போட்டவ புதன்கிழமை மட்டும் ஏன் விட்டா? போர்டு பழுதுன்னா உடம்பும் லீவா? அன்னிக்கு 180. அன்னிக்கு மட்டும் டீ டீயா இருந்துச்சு. கணக்கு சேராத நாள்ல மாத்திரையை வீணாக்க மனசு வராத ஆளு, போர்டுக்காக மாத்திரை போட்ட ஆளுதான். அவளுக்கு டீ கொண்டுவந்தது நீ ஒருத்தன்தான்யா!"

ஏட்டு கேப்டனின் இழுப்பறையைத் திறந்தார். சர்க்கரைப் பொட்டலங்களுக்கு அடியில் மாத்திரை அட்டை, முக்கால்வாசி காலி.

"சாகும்னு தெரியாது மேடம்" என்று உளறினான் கேப்டன். "நானே முதல்ல போட்டுப் பார்த்தேன். எனக்கு நம்பர் ஏறிச்சு, வேற ஒண்ணும் ஆகல. வெள்ளிக்கிழமை போட்டிக்குக் கடைசி நாளாச்சேன்னு கொஞ்சம் கூடுதலா..."

பட்டாசின் கை ஓங்கியது. ஏட்டு இருமினார். கை இறங்கியது, ஆனால் ஆத்திரம் இறங்கவில்லை. "அந்தப் பலகையை அணைச்சுத் தொலைங்க!" என்று மேலாளரைப் பார்த்துக் கத்தினாள். அவர் ஓடிப்போய்ச் சுவிட்சை அமுக்கினார்.

கேப்டனைக் கூட்டிப் போனார்கள். புருஷன் "அம்மா" என்று ஓரடி முன்னால் வந்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காலையில் அவன் சுமத்திய பழி அங்கேயே நின்றுகொண்டிருந்தது, வயதான ஒரு பெண்ணாக.

மாமியார் அவனைப் பார்க்கவில்லை. பதினேழாம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவ குதிக்கலையா?"

"இல்லம்மா. ஒரு வாரமா இந்த நாற்காலியை விட்டு நகரல."

"இங்கேயேதான் உட்கார்ந்திருந்தாளா?"

"ஆமாம்மா."

கிழவி நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவினாள். பிறகு கோபமாக, அவள் மருமகளிடம் எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"பாவி, இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருக்காளே!"