வளைவு வழியே வந்தவன்

சிரிலோ அவனை "அமிகோ" என்று கூப்பிட்டான்.

எவரார்தோவுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரிலோ அவனுடைய சித்தப்பா மகன். ஒரே தொட்டிலை மாறி மாறி நனைத்து வளர்ந்தவர்கள். புவெர்த்தோ எஸ்கமாவில் சொந்தக்காரனை யாரும் அமிகோ என்று கூப்பிடுவதில்லை. 'நண்பா' என்கிற அந்தச் சொல் உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தது, விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும் பீங்கான் தட்டைப் போல. சொந்தக்காரனுக்கு வசவு போதும்.

"அமிகோ! வெள்ளி! நல்ல வெள்ளி! சும்மா மாதிரி! மேடத்துக்கு ஒண்ணு?" என்று சிரிலோ ஒரு சங்கிலியை வெயிலில் ஆட்டினான்.

"மேடம் வீட்டில தமால் அவிச்சுக்கிட்டிருக்கா, பன்னி. கடையை மூடிட்டுக் கோயிலுக்கு வா. இன்னைக்கு என் மகனுக்கு ஞானஸ்நானம்னு மறந்துபோச்சா?"

சிரிலோ புன்னகை மாறாமல் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டான். நாம் பேசும்போது நாய் கேட்குமே, அப்படி. பிறகு பக்கத்துத் தொப்பிக் கடைக்காரியிடம், குரலைத் தணிக்கக்கூடச் செய்யாமல் சொன்னான்: "எந்த நாட்டு ஆளுன்னு தெரியலை. தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி பேசுது."

"செருப்பைப் பாரு, நல்ல செருப்பு. பசையுள்ள கைதான், விட்டுராத" என்றாள் அவள். அவளுடைய மூத்த மகளின் கல்யாணத்தில் நாற்காலி தூக்கிப் போட்டவன் எவரார்தோ.

கேலி செய்கிறார்கள் என்று அவன் நடையைக் கட்டினான். நேரமும் இல்லை. எட்டு மாதமாகக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு ஏந்துகிறான். பிள்ளை பிறந்த சேதி நடுக்கடலில்தான் வந்தது. கப்பல் இங்கே கரை தொடும் நாளாகப் பார்த்து அவன் மனைவி அராசெலி ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருந்தாள். உச்சிப் பொழுதில் கோயில் மணி அடிக்கும். பிள்ளையை ஒரு தடவை கையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் கப்பல் கிளம்பிவிடும்.

காலைச் சாப்பாட்டு வேலை இழுத்துவிட்டது. அதனால்தான் அவன் வளைவு வழியே வந்தான்.

கப்பல் நாளில் ஊர்க்காரன் வளைவு வழியே ஊருக்குள் வரக் கூடாது. ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் சின்ன வாசல் ஒன்று இருக்கிறது. காவல்காரன் பெயரைக் கேட்பான். சொல்லிவிட்டு வரவேண்டும். 'நல்வரவு' என்று எழுதிய அந்தப் பெரிய இரும்பு வளைவு பயணிகளுக்கு. தப்பித் தவறி அந்த வழியே வந்துவிட்டவனை, கப்பல் கிளம்புமுன் ஊர்க்காரர் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாக வேண்டும். ஏன் என்று கேட்டால் ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கல்லில் தடுக்கினால் ஏன் வலிக்கிறது என்று யாராவது கேட்பார்களா? சின்ன வாசலுக்குத் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கிழவர்கள் கதை என்று எவரார்தோ நேராக நடந்தான். வளைவின் அடியில் பூப்போட்ட பாவாடைப் பெண் ஒருத்தி அவன் கழுத்தில் சிப்பி மாலையைப் போட்டு, பல் தெரியச் சிரித்து, படம் எடுத்துக்கொண்டாள்.

அந்த மாலைதான் இப்போது ஒவ்வொரு அடிக்கும் கிளுக் கிளுக் என்றது. கடைத்தெரு தாண்டினால் பயணிகள் வரமாட்டார்கள். அங்கே வறுத்த எண்ணெயும் டீசலும் காய்ந்த இறாலும் கலந்த அவனுடைய ஊர் வாசனை அடிக்க வேண்டும், பஞ்சர் கடைக்காரனின் ரேடியோ கரகரக்க வேண்டும், வெயிலுக்குச் சாத்திய பலகைகளுக்குப் பின்னால் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் வாசனைத் திரவியமும் புதுத் தோலும்தான் மணத்தன. துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் எஞ்சின் உறுமல் இவ்வளவு தூரம் கேட்கக் கூடாது. கேட்டது. நடக்க நடக்கக் குறையவும் இல்லை, தெருவுக்கு அடியில் அதுவும் கூடவே வருவதுபோல.

பஞ்சர் கடையில் டயர் மாட்டும் ஆணிகளில் வைக்கோல் தொப்பிகள் தொங்கின.

"அமிகோ! தொப்பி! வெயில் பாருங்க, வெயில்!"

சவப்பெட்டிக் கடையில் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மைகள். முடிதிருத்தும் கடையில் மரத்தவளைகள். எவரார்தோ ஒவ்வொரு கடையாகத் தாண்டத் தாண்ட, அடுத்த கடையில் ஒரு கை அவசரமாக எதையோ எடுத்து மாட்டியது. அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். பஞ்சர் கடையில் தொப்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆணிகளில் டயர்கள் வந்துவிட்டன. பையன்கள் அவனைப் பார்த்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவன் ஓட ஆரம்பித்தான். மாலை கிளுகிளுத்தது. கழற்றப் பார்த்தான். முடிச்சு எங்கே என்று தெரியவில்லை.

அவன் தெரு முனையில் மீன்கடை ஹசிந்தா இருந்தாள். காலுக்கிடையில் இறால் வாளி, உதட்டில் சுருட்டு, பக்கத்தில் பாதி பீர். ஊரில் யாருக்கும் பயப்படாதவள், கப்பல்காரர்களை ஏறிட்டும் பாராதவள். அவள் வாசலில் மட்டும் எதுவும் தொங்கவில்லை. எவரார்தோவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா! ஹசிந்தாக்கா! என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு. ஒரே ஒரு தடவை!"

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். முகத்தை. பிறகு மாலையை. சுருட்டை எடுத்தாள்.

"ஐயோ" என்றாள், வாளியிலிருந்த இறால்களிடம். "வளைவு வழியா வந்திருக்கு. எவ பெத்த பிள்ளையோ."

"நான்தான் அக்கா. உன் கடையில ஐஸ் உடைச்சவன்!"

"பேசாதப்பா. நீ பேசறது ஒண்ணும் எனக்கு ஏறாது. பேரை நான்தான் கண்டுபிடிக்கணும்." அவள் எழுந்து, இறால் கையாலேயே அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "பௌலீனோ? எண்ணெய்க் கப்பலுக்குப் போனானே, அவனா? இல்லை. தெலெஸ்போரோ? அவன் ரொம்ப ஒல்லி."

அவன் அவள் வாயையே பார்த்தான். அந்த உதடுகள் குவிந்தன, விரிந்தன. மறுபடி குவிந்தன.

"கண்ணைப் பார்த்தா எவரார்தோன்னுதான் சொல்ல வருது" என்றாள் ஹசிந்தா. "ஆனா அவன்தான் அப்பவே வந்துட்டானே. சின்ன வாசல்ல பேரைச் சொல்லிட்டு வந்தான். இந்தப் பக்கமாத்தான் போனான், எனக்கு முத்தம்கூடக் குடுத்தான், மூதி." அவள் கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப நீ வேற யாரோ. மன்னிச்சுக்கோப்பா."

கோயில் மணி அடித்தது.

சின்ன வாசல். பேரைச் சொல்லிவிட்டு.

எவரார்தோ கோயிலைப் பார்த்து ஓடினான். காலையில் திரு. வெண்டல் முட்டையைக் கிளறியபடி கேட்டது அவன் காதில் ஓடியது. கண்ணாடிச் சுவர் ஓரம் மனைவியோடு உட்காரும் பயணி அவர். வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. எட்டு மாதமாக இறங்காமல் சுற்றுகிறார், நல்ல மனிதர். கூட்டம் பிடிக்காது, உண்மையான ஊரைப் பார்க்கவேண்டும், உங்கள் ஆட்கள் எந்த வழியாகப் போவார்கள் என்று கேட்டார். சின்ன வாசலைச் சொன்னான். காவல்காரன் விடுவானா என்றார். தட்டை எடுத்தபடி எவரார்தோ, எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லுகிற மரியாதைக்குச் சொன்னான்: "என் பேரைச் சொல்லுங்க சார். விட்டுருவாங்க."

கோயில் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. மெழுகு, லில்லி, ஈரக் கல். அவன் வீட்டார் எல்லோரும் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மாமியார், மச்சான்கள், ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டி அருகே அராசெலி. அவள் பக்கத்தில், அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்த நீலச் சட்டையில், ஒரு சிவந்த கழுத்து.

"பிள்ளையின் தகப்பன் பெயர்?" என்றார் குரு.

"எவரார்தோ."

அவன் குரல். அவன் குரலேதான். கடைசி எழுத்தை விழுங்கும் அந்தப் பழக்கம்கூட.

எவரார்தோ கத்தினான். கூரையில் பட்டுத் திரும்பிய சத்தம் அவனுக்கே புரியவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். மாமியார் உதட்டில் விரலை வைத்தாள். மச்சான் ஒருவன், "வழி தெரியாம வந்திருக்கு, பாவம், தண்ணி குடுங்கடா" என்றான்.

அராசெலி அவனைப் பார்த்தாள். எட்டு மாதம் அவன் கண்ணை மூடினால் வந்த முகம். அது மெல்ல மலர்ந்தது. பல் தெரிந்தது. கடைத்தெருச் சிரிப்பு. வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைச் சற்றுத் தூக்கி, முகம் தெரியும்படி அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"போட்டோவா, அமிகோ? எடுத்துக்கோங்க."

பிள்ளை வீறிட்டது. இரண்டு கையையும் அவன் பக்கம் நீட்டி வீறிட்டது.

"வெளியூர்க்காரங்களைக் கண்டா இவனுக்குப் பயம்" என்று நீலச் சட்டைக்காரன் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினான். அழுகை அடங்கியது. உடனே. அவன் எவரார்தோவின் அருகே வந்தான். அந்தக் கண்களில் மட்டும் ஒரு களைப்பு இருந்தது, வெகுதூரம் நடந்து வீடு வந்தவனின் களைப்பு.

"கப்பலை விட்டுடாதீங்க, சார்" என்றான், அன்பாக.

தூரத்தில் கப்பலின் சங்கு ஊதியது.

அதற்குப் பிறகு ஊரே உபகாரம் செய்தது. எங்கள் ஊர் உபகாரத்துக்குப் பெயர் போனது. கையைப் பிடித்தார்கள். முதுகைத் தாங்கினார்கள். சிரிலோ கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து கூட்டத்தை விலக்கினான். "வழி விடுங்க! ஆளு கப்பலைத் தவற விட்டா நமக்குத்தான் கெட்ட பேரு!" எவரார்தோ தரையில் உட்கார்ந்தான். தூக்கினார்கள். கடித்தான். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு" என்று விசிறினார்கள். வளைவு தலைக்குமேல் வந்தது. போனது.

கப்பல் படியில் அவன் பையிலிருந்த அட்டையை யாரோ எடுத்து இயந்திரத்தில் காட்டினார்கள். பச்சை விளக்கு.

"வாங்க, மிஸ்டர் வெண்டல். ஊர் பிடிச்சுதா?"

மேல்தளத்தில் கம்பி ஓரம் நின்றிருந்த திருமதி வெண்டல் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்தாள். ஆச்சரியப்படவில்லை. வெயிலுக்குப் பூசும் களிம்பைக் கையில் பிதுக்கி அவன் கழுத்தில் தேய்த்தாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. தோல் எரிந்தது.

கப்பல் அசைந்தது. கடல் சுவர் மேல் ஞானஸ்நானக் கூட்டம் வந்து நின்றது. நீலச் சட்டை பிள்ளையை உயரத் தூக்கிக் காட்டியது.

"அழகான குழந்தை" என்றாள் அவள். "போன தடவை இருந்தவனுக்கு ரெட்டைப் பிள்ளைங்க. ரொம்ப நாள் அழுதான்."

அப்போதுதான் அவனுக்கு அது கேட்டது. எஞ்சின் உறுமலுக்கு அடியில், வலப்பக்கம் பூத்தொப்பி வைத்த ஒரு பருத்த அம்மாள், மீன் சந்தைப் பக்கம் கையாட்டியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எஸ்கமாவின் கொச்சையில். சுத்தமான, அழுக்கான எஸ்கமாக் கொச்சையில்.

"அடுப்பை அணைச்சியாடி... தம்பிக்கு மருந்து குடுத்தியா..."

அவளுக்கு அப்பால் கறுப்புக் கண்ணாடிக்காரர். வாயில் புன்னகை, கன்னத்தில் ஈரம். கை ஐஸ் தொழிற்சாலைப் பக்கம் ஆடியது. "அப்பா, நான்தான்ப்பா. பௌலீனோப்பா."

அவருக்கு அப்பால் இன்னொருவர். அதற்கும் அப்பால்.

ஒரு ஜன்னலைப் பார்த்து ஒரு கை. ஒரு கூரையைப் பார்த்து ஒரு கை. கம்பி நெடுக, தொப்பிகளுக்கு அடியிலிருந்து, எங்கள் ஊர்ப் பேச்சு.

கரையில் எல்லோரும் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினார்கள்.