புதிதாய் முளைத்த கல்லறைக் கல்

கிளோவிஸ் கேட்சன் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு டாலர், முப்பத்தைந்து சென்ட். மனைவி வெர்லீனை நடக்கவைத்துக் கூட்டிப் போனான், பெட்டியில் கொண்டுவந்தான். பாக்கி மட்டும் மாதாமாதம் தபாலில் வந்தது. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அலபாமாவின் அந்தச் செம்மண் ஓரத்தில், மரம் அறுத்துப் பிழைக்கிற வீடுகளில் பாக்கி இல்லாத வீடு எது?

அதனால் 1976 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவனுடைய அக்கா எர்னஸ்டீன் ஷெரிஃப் ஆபீஸுக்குள் மூச்சுவாங்க நுழைந்தபோது, டெபுடி அலான்சோ டப்ஸுக்கு அந்தப் பாக்கி நினைவுக்கு வரவில்லை.

"என்ன களவு போச்சு அக்கா?"

"போகல தம்பி. வந்திருக்கு. எங்க இடுகாட்டுல ஒரு கல்லு புதுசா முளைச்சிருக்கு."

அலான்சோ சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

விஷயம் இதுதான். எர்னஸ்டீனின் கொள்ளுத்தாத்தா சாத்ராக் கேட்சன், அடிமையாய்ப் பிறந்தவர், விடுதலைக்குப் பின் 1874இல் நாற்பது ஏக்கர் வாங்கினார். உயில் எழுதாமல் செத்தார். நிலம் வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாகவே நின்றது. இப்போது டுவைட் ரஸ்க் என்று ஒருவன் கிளீவ்லண்டிலிருந்து வந்திருந்தான். சாத்ராக்கின் மகள் கெசாயா தன் பாட்டி என்றான். தன் பங்கை மரக் கம்பெனிக்கு எழுதியும் கொடுத்துவிட்டான். ஒரே ஒரு பங்கு வெளியாள் கைக்குப் போனாலும், அவன் கேட்டால், கோர்ட் முழு நிலத்தையும் ஏலம் விட்டுவிடும். எர்னஸ்டீனின் வீடு அந்த நிலத்தில்தான் இருந்தது.

"கெசாயா அஞ்சு வயசுல காய்ச்சல்ல போன குழந்தை. எங்க வீட்டுல பாட்டி வழியா எல்லாருக்கும் தெரியும்."

"பாட்டி சொன்னதை ஜட்ஜ் கேக்கமாட்டார் அக்கா."

"தெரியும். அதான் உன்கிட்ட வந்தேன். போலீஸ் சட்டை போட்டிருக்கியே, அதுக்காவது கேப்பாரான்னு."

இடுகாடு பைன் மரங்களுக்கு நடுவே இருந்தது. கிளோவிஸும் கூடவே வந்தான். வாரம் தவறாமல் அங்கே களை பிடுங்குகிறவன் அவன்தான்.

ஒவ்வொரு குழிமேலும் சாமான்கள் கிடந்தன. சிம்னி விளக்கு, மருந்து பாட்டில், கிண்ணம். செத்தவர் கடைசியாக வாய்வைத்த பாத்திரத்தை அடி உடைத்து வைப்பது அங்கத்திய வழக்கம். உடைக்காமல் வைத்தால் அடுத்த ஆளையும் சாவு கூப்பிட்டுக்கொள்ளும். வெர்லீனின் குழிமேல் மண் இன்னும் அடங்கவில்லை. ஒரு கைக்கண்ணாடியும், நீலக்கோடு போட்ட கோப்பைத் தட்டு ஒன்றும் இருந்தன. தட்டின் நடுவில் ஓட்டை.

வேலியோரம் அந்தக் கல். 'கெசாயா ரஸ்க், சாத்ராக் கேட்சனின் மகள், 1868–1909.' எழுத்து உளியால் வெட்டியது. ஐந்து வயதில் செத்ததாகச் சொன்ன குழந்தை கல்யாணமாகி நாற்பத்தொரு வயது வரை இருந்தாள் என்றது அந்தக் கல். முன்னே களிமண் அப்பிய கோப்பை ஒன்று கிடந்தது. அடி உடைந்திருந்தது.

"முன்னாடி இந்தக் கல்லைப் பாத்திருக்கியா?" அலான்சோ கேட்டான்.

"முள்ளு மூடிக் கிடந்திருக்கும்," என்றான் கிளோவிஸ்.

"அந்த முள்ளை இத்தனை வருஷம் நீதானே வெட்டினே?" என்றாள் எர்னஸ்டீன்.

"வேலிகிட்ட விட்டுட்டேன்க்கா. என் முதுகை எனக்குத்தானே தெரியும்!"

அலான்சோ கல்லின் அடி மண்ணை விரலால் கிளறினான். மண்ணுக்குள் இருந்த பகுதியிலும் வெளுத்த பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. வெயில் படாத இடத்தில் அந்தப் பாசி வராது. இந்தக் கல் இத்தனை காலமும் வேறெங்கோ, வெளியில் கிடந்திருக்கிறது.

கோப்பையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

புதன்கிழமை முழுவதும் கோர்ட் கட்டிடத்தின் கீழறையில் ஃபிலிம் சுருளைச் சுற்றினான். 1870 ஜனத்தொகைக் கணக்கில் சாத்ராக் வீட்டில் கெசாயா இருந்தாள், வயது இரண்டு. 1880இல் இல்லை. செத்தாளா, வேறு வீட்டில் வேலைக்கு விட்டார்களா, எழுத வந்தவனிடம் சொல்ல மறந்தார்களா, எதுவும் இல்லை. கறுப்புக் குழந்தையின் சாவை எழுதிவைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. 1890 கணக்கு எரிந்துபோனது. 1900இல் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கெசாயா ரஸ்க், வயது முப்பத்திரண்டு. பிறந்த வீடு எது என்று கணக்கில் இல்லை. அவள் இவள்தானா? காகிதம் வாயை மூடிக்கொண்டது. அந்த இடைவெளியில்தான் யாரோ கல்லை நட்டிருக்கிறார்கள்.

மாலையில் ரஸ்க்கை ஹோட்டலில் பிடித்தான்.

"உங்க பாட்டி குழிக்குப் போயிருக்கீங்களா?"

"காலே வைக்கல. கல் இருக்குன்னு கம்பெனி வக்கீல்தான் போட்டோ காட்டினார்."

"குழிமேல கோப்பை ஒண்ணு இருக்கு. அடி உடைஞ்சிருக்கே, ஏன்?"

"அடப் பாவமே. மாடு கீடு மிதிச்சிருக்கும். வேணும்னா புதுசு ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்றேன்."

அலான்சோ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். இவன் நட்டது இல்லை. வக்கீலும் இல்லை. அவர்கள் நட்டிருந்தால் கோப்பையே இருந்திருக்காது, இருந்தாலும் முழுசாக இருந்திருக்கும். பொய்க்கல்லை நட்ட கைக்குச் சாவின்மேல் பயம் இருந்திருக்கிறது. இது வீட்டுக் கை.

ஆபீஸுக்கு வந்து கோப்பையைத் தொட்டியில் கழுவினான். களிமண் கரைந்தது. விளிம்பில் மெல்லிய நீலக்கோடு தெரிந்தது. தண்ணீர்க் குழாயை மூடக்கூட மறந்து நின்றான்.

வியாழக்கிழமை மத்தியானம் கிளோவிஸின் வீட்டில் எர்னஸ்டீன் தம்பிக்குச் சோளரொட்டியும் கீரையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெர்லீன் போனதிலிருந்து அவள்தான் சோறு கொண்டுவருகிறாள். அலான்சோ உள்ளே வந்து, வழியில் வெர்லீனின் குழிமேலிருந்து எடுத்துவந்த தட்டை மேசையில் வைத்தான். அதன்மேல் கோப்பையை வைத்தான். நீலம் நீலத்தோடு சேர்ந்தது.

"தட்டு வெர்லீன் குழியில இருந்தது. கோப்பை கெசாயா குழியில இருந்தது. அந்தக் கல்லு பழைய சர்ச் எரிஞ்சப்போ மிஞ்சின படிக்கல்லு. அது உன் வண்டியில போனதா ரெண்டு பேரு சொல்றாங்க. நீதான் கிளோவிஸ்."

எர்னஸ்டீனின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"சும்மா வைக்க மனசு வரல," என்றான் கிளோவிஸ், யாரையும் பார்க்காமல். "கல்லை மட்டும் நட்டுட்டுத் திரும்பினா முதுகுல யாரோ பாக்கற மாதிரி இருந்துச்சு. வெர்லீன்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். அவ குடுத்தா."

"செத்தவ குடுத்தாளாம்! ஏன்டா, உனக்கே பங்கு இருக்கே? காசு வேணும்னா அதை வித்துத் தொலைக்கறதுதானே? எதுக்கு அந்தப் பச்சைக் குழந்தையை எழுப்பினே?"

"என் பங்கை வித்தா நான் வித்தேன்னு ஆகும். எவனோ ஊர் பேர் தெரியாதவன் வித்தா, நானும் உன்கூட உக்காந்து அழலாம்னு நெனச்சேன். வக்கீல்தான் வழி சொன்னார். கல்லு நின்னா ஆஸ்பத்திரிப் பாக்கியை அடைக்கிறேன்னார்."

"என் சோத்தைத் தின்னுக்கிட்டே!"

"ஆமா."

அலான்சோ இருமினான். "கல்லு பொய்யின்னு நான் ஜட்ஜ்கிட்ட எழுதித் தர்றேன். ரஸ்க் பங்கு நிக்காது. நிலம் தப்பிச்சுது அக்கா."

கிளோவிஸ் தலையை ஆட்டினான். இல்லை என்று.

"நேத்து சாயங்காலம் நீ ஹோட்டல்ல அவனைக் கேட்டுட்டுப் போன கையோட வக்கீல் இங்க வந்தார். கல்லு இனி உதவாது, நீ ஜெயிலுக்குப் போவே கிளோவிஸ், உன் சொந்தப் பங்கைக் கம்பெனிக்குக் குடுத்துடு, பாக்கியை அடைச்சுடறேன்னார். போட்டுட்டேன் கையெழுத்து."

அடுப்பில் கீரை அடிபிடிக்கும் வாசனை வந்தது. தான் கேட்ட ஒரே ஒரு கேள்வி, அந்தக் கோப்பைக் கேள்வி, எந்த வழியாகப் போய் எங்கே விழுந்தது என்று அலான்சோவுக்குப் புரிந்தது. துப்பு சரிதான். ஆளும் சரிதான். அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை.

"இவன்மேல புகார் எழுதட்டுமா அக்கா?"

"எழுதினா நிலம் வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு உன் பேனாவைத் தேய்க்கிறே."

ஜூன் மாதம் கோர்ட் படியில் ஏலம் நடந்தது. ஏலம் கூறுவது டெபுடியின் வேலை. நாற்பது ஏக்கரையும், வீட்டையும், இடுகாட்டையும் அலான்சோவின் வாய்தான் கூவியது. எர்னஸ்டீன் சேர்த்துவைத்த பணம் முழுவதையும் சொல்லிக் கேட்டாள். கம்பெனி ஆள் வெற்றிலை மடிப்பவன்போல் நிதானமாக அதற்குமேல் ஒன்று சொன்னான். அவ்வளவுதான். மூன்று முறை கூவும்போது அலான்சோ அவளைப் பார்க்கவில்லை.

அன்று மாலை இடுகாட்டில் எர்னஸ்டீன் தட்டையும் கோப்பையையும் வெர்லீனின் குழிமேல் சேர்த்து வைத்தாள். கிளோவிஸ் வேலிக்கு வெளியிலேயே நின்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. அலான்சோ வாங்கினான்.

"படி தம்பி," என்றாள் அவள். "வெர்லீன் காதுலயும் விழட்டும்."

ஆஸ்பத்திரி ரசீது. அலான்சோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு படித்தான்.

"வெர்லீன் கேட்சன் கணக்கு. முழுவதும் செலுத்தப்பட்டது. பாக்கி இல்லை."