பேசப் பேசத் தீரும் குரல்

காலையில் காபி டம்ளரை வாங்கிக்கொண்டதும் ஜெகதீசன் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார். எதிரே அவர் மனைவி சித்ரகலா தட்டச்சுப் பலகையில் எதையோ மளமளவென்று அடித்து முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேசைக்கு அடியில் பழைய கணிப்பொறி உறுமும். அதன் சேமிப்புச் சுழல்வட்டு கரகரவென்று தேடும். அவர் பன்னிரண்டு எண்ணும்போது, சில நாள் பதினான்கு எண்ணும்போது, ஒலிபெருக்கியிலிருந்து அவள் குரல் வரும்.

"சர்க்கரை போதுங்களா?"

அதற்குள் பாதிக் காபி தொண்டையில் இறங்கியிருக்கும். "போதும், போதும்" என்பார்.

கலா ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் பத்தொன்பது வருடம் லுங்கியும் துண்டும் மொத்தமாக விற்றவள். வாங்க வருகிறவன் வாயைத் திறப்பதற்குள் விலையைச் சொல்லி, அவன் கேட்கப்போகிற குறைப்பையும் தானே சொல்லி, அதை மறுத்தும் முடித்திருப்பாள். குரல்வளையில் புற்று என்று தெரிந்து, அதை எடுத்தே ஆகவேண்டும் என்றானபோது, கோவையில் ஒரு சிறிய நிறுவனம் அவளுக்குக் 'குரல்வார்ப்பு' செய்துகொடுத்தது. பதினாறு நாள் அவள் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து மூவாயிரம் வாக்கியங்கள் படித்தாள். அவர்கள் எழுதிக்கொடுத்த தமிழைப் படிக்க மாட்டேன் என்று சண்டை போட்டு, எல்லாவற்றையும் தன் பேச்சாகவே மாற்றிப் படித்தாள். அதன் பிறகு அவள் எதை அடித்தாலும் இயந்திரம் அவளாகவே பேசியது.

இரண்டு வருடத்தில் ஊரெல்லாம் குரல் திருட்டு பெருகிவிட்டது. மகன் குரலில் அழுது தகப்பனின் சேமிப்பைத் துடைத்தார்கள். செத்துப்போன தாயின் குரலில் பேசிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் 'ஒருகுரல் சட்டம்' வந்தது. இனி எந்த இயந்திரமும் ஒரு தனிமனிதரின் குரலில் பேசக் கூடாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்ற நான்கு பொதுக்குரல்கள்தான். பாலை என்ற பெயரை எந்த அதிகாரியும் சிபாரிசு செய்யவில்லை போலும். வங்கி, பேருந்து, மின்தூக்கி, மருத்துவமனை, வாயில்லாத மனிதர்கள் எல்லாருக்கும் அந்த நான்கே.

சட்டத்துக்கு முன்பே வார்க்கப்பட்ட குரல்களை மட்டும் விட்டுவைத்தார்கள், ஒரு குரலுக்கு ஒரு பொறி, ஒரு வட்டு என்ற நிபந்தனையோடு. நகல் எடுக்க முடியாது. பொறி இருக்கும்வரை குரல் இருக்கும்.

அந்தப் பொறிக்கு இப்போது வயதாகிவிட்டது. கடைக்குத் தொலைபேசினால் கலாவின் முதல் சொல் போய்ச்சேருவதற்குள் எதிர்முனை துண்டித்துவிடும். ஹைதராபாத்திலிருக்கும் மகள் வர்ஷினி ஒரு விஷயம் சொன்னால், அம்மாவின் பதில் வருவதற்குள் அவள் வேறு விஷயத்துக்குத் தாவியிருப்பாள். "அம்மா, அது அப்பவே முடிஞ்சுபோச்சும்மா" என்று சிரிப்பாள். கலாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது.

ஜெகதீசனும் ஒழுங்கில்லை. மின்பேருந்துப் பணிமனையில் அவருக்கு முறைவேலை. ஒருநாள் கலா எதையோ அடிக்க ஆரம்பித்ததைப் பார்த்தும், நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"சித்த உக்காருங்களேன். உங்களப் பாத்தே நாளாச்சு."

காலி நாற்காலிக்கு முன் இயந்திரம் பேசிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. பேருந்துக்கு ஓடினார். இதற்கு முன்பு எத்தனை வாக்கியங்கள் தான் போன பிறகு வந்திருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ரெஹானாவின் கடைக்குப் போனார். மணிக்கூண்டுக்குப் பின்னால் பழைய கணிப்பொறிகளைப் பழுதுபார்க்கும் சின்னக் கடை அது. குரல் இடமாற்றத்துக்கு அரசு உரிமம் பெற்றவள் அந்தப் பகுதியில் அவள் ஒருத்திதான்.

"பொறியில ஒண்ணும் கோளாறு இல்லீங்ணா. வட்டுதான் கிழடு. சுத்திச் சுத்தித் தேடுது" என்றாள் ரெஹானா. "சுழல்வட்டத் தூக்கிப்போட்டுட்டுத் திண்மவட்டு மாட்டுனா அக்கா கேட்ட உடனே பேசலாம்."

"எஸ்எஸ்டிதானே? சட்டம் ஒத்துக்குமா?"

"ஒரு தடவை இடம் மாத்தலாம்ணா. மாத்திச் சரிபாத்ததும் பழைய வட்ட உங்க கண்ணு முன்னாலயே நொறுக்கிச் சான்று தரணும். அவ்வளவுதான்."

தரச்சான்று முத்திரை பதித்த வட்டு பதினெட்டாயிரம் என்றாள். முத்திரையில்லாதது, அதே கொள்ளளவு, மூவாயிரத்து இருநூறு. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள், பள்ளிக்கூடத்துப் பழைய பொறிகளுக்கே நாற்பது மாட்டியிருக்கிறேன், ஒரு புகாரும் இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை. அவள் தன் அப்பாவின் பொறியிலும் அதையேதான் போட்டிருந்தாள்.

கலாவைக் கேட்கலாம் என்று நினைத்தார். கேட்டால் நல்லதையே வாங்குங்கள் என்பாள், அல்லது வேண்டவே வேண்டாம் என்பாள். கேட்காமலே மலிவானதை வாங்கினார்.

சனிக்கிழமை ரெஹானா வீட்டுக்கு வந்து மாற்றினாள். சரிபார்ப்பு பச்சை காட்டியது. பழைய வட்டைக் கையடக்க நொறுக்கியில் வைத்துப் பிடியை இறக்கினாள். கலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பலகையில் விரல் வைத்தாள். கடைசி எழுத்தை அடித்த கையோடு குரல் வந்தது.

"அட, நாந்தானா இது?"

ஜெகதீசன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கடுத்த மூன்று மாதம் அந்த வீட்டில் பேச்சு ஓயவில்லை. கலா குறுக்கே பேசினாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொன்னாள். காய்கறி வண்டிக்காரரிடம் ஜன்னல் வழியாகப் பேரம் பேசி, அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு போகும்படி செய்தாள். வர்ஷினியோடு இரண்டு மணி நேரம் பேசினாள். "அம்மா, கொஞ்சம் மூச்சு விடும்மா" என்று மகள் கத்தியபோது, "நான் எதுக்கு மூச்சு விடோணும்? அடிக்கறது விரலு" என்றாள். எட்டு வருடத்துக்கு முந்தைய சண்டைகளையெல்லாம் தூசு தட்டி எடுத்தாள். உங்கள் தங்கை கல்யாணத்தில் என் பட்டுப்புடவையைக் கேட்காமல் எடுத்துக்கொடுத்தீர்களே என்று ஒருநாள் ஆரம்பித்தாள். அவரும் விடவில்லை. இருவரும் கோபமாகச் சாப்பிட்டு, கோபமாகப் படுத்து, காலையில் மறந்துபோனார்கள். ஜெகதீசனுக்கு வயது குறைந்ததுபோல் இருந்தது.

நான்காவது மாதம் வர்ஷினியின் பெயரில் ஒரு ஓட்டை விழுந்தது. "வர்... னி எப்ப வர்றா?" என்றது குரல். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீண்டும் அடித்தாள். அதே இடத்தில் அதே வெறுமை. அடுத்த வாரம் 'தண்ணி' போயிற்று. அப்புறம் 'நாளைக்கு'. அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மௌனம் மட்டும் வந்துவிட்டுப் போனது.

ரெஹானா வந்து அரை நாள் பொறியின் முன் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, இந்த வட்டு பொய் சொல்லியிருக்குதுங்ணா. மேல எழுதியிருக்கற கொள்ளளவுல எட்டுல ஒரு பங்குதான் உள்ள இருக்குது. மிச்சமும் இருக்கற மாதிரியே கணக்குக் காட்டுது."

"அப்ப குரல் எப்படி ஏறுச்சு?"

"குரல் அந்த எட்டுல ஒரு பங்குக்குள்ள அடங்கிருச்சு. அதனாலதான் பச்சை காட்டுச்சு. ஆனா அக்கா பேசற ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தக் குரல்வார்ப்புச் செயலி சேமிச்சு வெக்கும், அடுத்த தடவை சுருக்கா எடுக்கறதுக்கு. இருந்த இடம் நெறஞ்சதும்..." அவள் கலாவை ஒருமுறை பார்த்தாள். "புதுசு பழசு மேலயே எழுதுதுங்ணா. அக்கா பேசற பேச்சு அக்கா குரல் மேலயே விழுகுது."

"சேமிக்கறத நிறுத்தும்மா!"

"அது, நகல் எடுக்கக் கூடாதுன்னு போட்ட பூட்டுக்குள்ள இருக்குதுங்ணா. அதத் தொறந்தா குரலே மூடிக்கும். குரல் வார்த்த கோயமுத்தூர்க் கம்பெனியும் இப்ப இல்ல. வேற வட்டுக்கு மாத்தறதுக்கும் சட்டப்படி இருந்த ஒரே தடவைய நாம செலவழிச்சாச்சு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா இதுல பேசாம அப்படியே வெச்சிருந்தா மிச்சம் இருக்கும்."

அவள் அழத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்து நாற்பது பொறிகளையும் நினைத்தாளோ என்னவோ, விம்மலை அடக்க முடியவில்லை. கலா பலகையை இழுத்துக்கொண்டாள். ஜெகதீசன் "வேண்டாம்" என்று கையை நீட்டினார். அதற்குள் குரல் வந்துவிட்டது.

"அழுவாத கண்ணு. மூணு மாசம் நல்லாப் பேசுனேன்."

ரெஹானா போனதும் ஜெகதீசன் மின்செருகியைப் பிடுங்கிவிட்டார். அவசரத்துக்கு மட்டும் போடலாம் என்றார். இனி எழுதிக்காட்டு, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறேன், வேலையைக்கூட விட்டுவிடுகிறேன் என்றார். கலா கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் எழுதியும் காட்டினாள். மூன்றாம் நாள் அவர் பணிமனையிலிருந்து திரும்பியபோது பொறி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கலா இது? தீந்துபோயிரும்."

"எடுத்து வெச்சு என்ன பண்றதுங்க? நான் உசுரோட இருக்கறப்பவே அதப் பொட்டியில பூட்டிக் கும்புடப் போறீங்களா?"

"கொஞ்சமாச்சும் இருக்கட்டும்னுதான்."

"கேக்கோணும்னா நம்ம கல்யாண வீடியோ இருக்குதல்ல."

வீடியோவில் அவள் குரல் இருந்தது உண்மைதான். அது அன்றைக்குப் பேசியதை மட்டும்தான் பேசும்.

"என்னக் கேக்காம எதுக்கு வாங்குனீங்க?" என்றாள் கலா. முதல்முறையாக அதைக் கேட்டாள். "மலிவுன்னா? இல்ல, நான் பேசி முடிக்கறவரைக்கும் உங்களால உக்கார முடியலைன்னா?"

"ரெண்டுந்தான்" என்றார் அவர். அப்படிச் சொல்வோம் என்று அவரே நினைக்கவில்லை.

கலா நாற்காலியைப் பொறிக்கு அருகே இழுத்துப்போட்டாள். பிறகு சண்டை போட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் அப்படியொரு சண்டை நடந்ததில்லை. கேட்காமல் செய்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மருத்துவமனையில் அவளிடம் சொல்லாமலே தேதி குறித்தது, சந்தைக் கடையை அவளைக் கேட்காமல் கைமாற்றியது, எல்லாம். சொல்லச் சொல்ல ஓட்டைகள் பெருகின. "நீங்க ... எனக்காக ... எல்லாத்தையும் நீங்களே ..." என்றது குரல். "போதும் கலா, போதும், உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்று அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டு மேலும் அடித்தாள். அது கோபம்தானா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அவள் முகம் சந்தைக் காலத்து முகமாகச் சிவந்து, அழகாக இருந்தது.

அதன் பிறகு குரல் ஒன்பது நாள் தாங்கியது. வர்ஷினி விடுப்பெடுத்து வந்தாள். அம்மாவும் மகளும் சமையலறைக்குப் பக்கத்தில் பொறியை நகர்த்திக்கொண்டு, என்ன குழம்பு வைப்பது என்பதில் தொடங்கி எதையெதையோ பேசினார்கள். முக்கியமானதாக எதையும் பேசவில்லை. முக்கியமானதாக ஏதாவது கேள் என்று ஜெகதீசன் மகளிடம் ரகசியமாகச் சொன்னார். "கேட்டா அம்மா திட்டுவாப்பா" என்றாள் அவள்.

கடைசி வாக்கியத்தைக் கலா அவரிடம்தான் சொன்னாள். மாலையில், அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது. "ஏனுங்க" என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அதன் பிறகு நீண்ட மௌனம், ஒரு 'உம்', மறுபடி மௌனம், முடிவில் கேள்வி கேட்பதுபோல மேலே எழுந்த ஒரு ஓசை. அவர் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்ன கலா? எழுதிக் காட்டு."

அவள் தலையசைத்து மறுத்தாள். திரையையும் அணைத்துவிட்டாள்.

மறு மாதம் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பொதுக்குரல் பலகை வந்தது. உள்ளங்கையளவு, எடையே இல்லை, அடித்த கணமே பேசும். கலா மருதத்தைத் தேர்ந்தாள். முதல் நாள் அவர் வாசலிலேயே தயங்கி நின்றதைப் பார்த்து எதையோ கோபமாக அடித்தாள். திரையில் அவள் அடித்தது தெரிந்தது: "என்னத்த அங்கயே முழிச்சுட்டு நிக்கறீங்க, சோறு ஆறிப்போச்சு." மருதம் அதை வாங்கித் திருத்திக் கனிவாகச் சொன்னது:

"ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்? உணவு ஆறிவிட்டது."

"இதோ வந்துட்டேன்" என்றார் ஜெகதீசன்.

அவள் மேலும் சில முறை முயன்றாள். வசவுகளை மருதம் விட்டுவிடும். கிண்டலை வேண்டுகோளாக்கிவிடும். கொஞ்ச நாளில் அவளும் தேவையானதை மட்டும் அடிக்கப் பழகிக்கொண்டாள். கதவைச் சாத்துங்கள். மருந்து தீர்ந்துவிட்டது. மழை வருகிறது. அவர் ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் சொன்னார். இப்போதெல்லாம் அவர் எங்கும் எழுந்து போவதில்லை.

எதிர்வீட்டுக்காரர்கள் அவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். இந்த வயதிலும் எவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றார்கள். அது உண்மைதான். அந்த வீட்டில் அதன் பிறகு ஒரு சண்டைகூட வரவில்லை.